தனி அடுப்பு

அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணைக் காணோம். நேத்துச் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேரா இந்த இ-சேவை மையத்துக்கு வந்து, இதே நாற்காலியில உக்காந்திருந்த அதுகிட்ட எல்லாத்தையும் விலாவாரியாச் சொல்லி, அம்மிணி, நாளைக்கு எங்கப்பாவைக் கூட்டிட்டு வருவேன், ரேகையை மட்டும் எடுத்துக்கோ, பென்சன் நின்னு போச்சுங்கற பேச்சை அவரு காதுல விழற மாதிரி எடுத்தராதே, உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்னு கும்பிடாத குறையாக் கேட்டுட்டுப் போனேன். அதுவும் சரிங்கண்ணா சரிங்கண்ணான்னு தலையை ஆட்டுச்சு. இன்னைக்கு வந்து பாத்தா காதுல வயரை மாட்டிட்டு வேற ஒரு பொண்ணு உக்காந்திருக்குது. அவ லீவுங்க, என்ன வேணும்னு வெடுக்குன்னு கேக்குது. என்னத்தைச் சொல்ல, அப்பா என்ற தோளை உரசிட்டு நிக்கறாரு. பென்சனுக்கு உயிர்ச் சான்று எடுக்கோணுமுங்கன்னேன். யாருக்குங்க, உங்களுக்கா அவருக்கான்னுச்சு. அடக் கொடுமையே, எனக்கு ரிட்டேராக இன்னும் ரெண்டு வாரம் இருக்குது அம்மிணின்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். அவருக்குத்தானுங்கன்னு சொல்லி டோக்கனை வாங்கிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தேன். எங்களுக்கு முன்னால ஆறு பேரு. ஆறு பேரு முடியறதுக்குள்ள எப்படியாச்சும் எந்திரிச்சுப் போய் அந்தப் பொண்ணு காதுல ஒரு வார்த்தை போட்டுரோணும். ஆனா நான் எந்திரிச்சா அப்பாவும் எந்திரிக்கறாரு. எண்பத்தி மூணு வயசுல எங்க போனாலும் கூடவே வர்றாரு, அந்தக் காலத்துல நான் அவரு பொறத்தாலயே திரிஞ்சதுக்குப் பழிவாங்கறாரு போலிருக்குது.

ஏப்பா திருமூர்த்தி, போன வருசமும் இங்கதான வந்தோம்னு கேக்கறாரு. ஆமாங்கப்பா. அப்ப மேல ஃபேன் இல்லைங்கறாரு. ஆமாங்க, புதுசா மாட்டியிருக்கறாங்க. பொய்யி. அவரு சொல்றது அதுக்கு முந்தின வருசம். போன வருசம் நாங்க வரவே இல்லை. போன வருச நவம்பர் ஒம்பதாந் தேதி அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு, ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பிளேட்டு, ரத்தத்துக்கு ஆள் தேடறது, என்ற பிஎஃப்ல லோன் போடறதுன்னு அந்த மாசம் எப்படிப் போச்சுன்னே தெரியலை. முப்பத்தி ரெண்டு வருசமா பம்ப் கம்பெனியில கணக்குப் பாக்கறேன். ஊரான் வரி, ஊரான் பிஎஃப், ஊரான் கரண்ட் பில்லு, எதுலயாச்சும் ஒரு நாள் பிந்தியிருக்குமா? மேனேஜருக்கு அவரு கார் இன்சூரன்ஸ் தேதியைக்கூட நான்தான் ஞாபகப்படுத்துவேன். பெத்த அப்பன் உசுரோட இருக்கறாருன்னு வருசத்துக்கு ஒரு தடவை போய்ச் சொல்லோணும், அதை மறந்து தொலைச்சேன். ஜனவரி மாசப் பென்சன் பிப்ரவரி ஒண்ணாந் தேதி வரோணும், மெசேஜ் வரலை. நாலு தடவை போனைப் பாத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் வாசல்ல நாற்காலி போட்டு, தலையை வாரி, துண்டை மடிச்சுத் தோள்ல போட்டுட்டு எனக்காகக் காத்திருக்கறாரு. நான் என்ன பண்றது? என்ற கணக்குல இருந்து எடுத்தேன். ஏடிஎம்ல ரெண்டாயிரத்து நூறு, மேல்பாக்கெட்டுல இருந்து நாப்பது. ரெண்டாயிரத்து நூத்து நாப்பது, ஒரு ரூபாய் கூடாம ஒரு ரூபாய் குறையாம, ஆபீஸ்ல கிடந்த பழுப்புக் கவர்ல போட்டு அவரு கையில குடுத்துட்டேன். வாங்கி அப்படியே திரும்பி, பிரிச்சுக்கூடப் பாக்காம, மாராத்தா, இந்தான்னு அம்மா கையில குடுத்தாரு.

பிரிக்காத கவர். அதை நினைச்சா எனக்கு எட்டு வயசாயிருது. அப்பாவுக்கு மில்லுல ஏழாந் தேதி சம்பளம். காலையில ஏழரைச் சங்குக்குப் போற மனுசன் நாலு மணிச் சங்குக்கு வெளிய வருவாரு. அந்தச் சங்கு ஊதுனா வரதராஜபுரத்துல இருக்கற எல்லா வீட்டுலயும் காப்பிக்குத் தண்ணி வெப்பாங்க, கடிகாரம் யாரு வீட்டுல இருந்துச்சு. நான் மில்லுக் கேட்டுக்கு எதுத்தாப்புல பேக்கரி வாசல்ல நிப்பேன். சாயங்கால வெயில்ல ஆயிரம் பேரு ஒண்ணா வருவாங்க, அத்தனை பேரு தலையிலயும் புருவத்துலயும் பஞ்சு, ஊருக்கே ஒரே நாள்ல நரைச்சுப் போன மாதிரி. அதுல எங்கப்பன் எங்கன்னு தேடறதுதான் எனக்கு விளையாட்டு. அவரு என்னைப் பாத்துட்டாலும் பாக்காத மாதிரி வருவாரு. கிட்ட வந்ததும் பொடனியில ஒரு தட்டு. அப்புறம் ரெண்டு வருக்கி, ஒரு தேங்காய் பன்னு. ஆனா அதுக்குக் காசு சட்டைப் பாக்கெட்டுல இருந்துதான் வரும், கவர்ல இருந்து வராது. கவரை வீட்டுலதான் பிரிக்கோணும், அதையும் அம்மாதான் பிரிக்கோணும். அம்மா பாயில உக்காந்து நோட்டை எண்ணும்போது இவரு கிணத்தடியில தலைக்குத் தண்ணி ஊத்திட்டிருப்பாரு. வாடகை, பாலு, மளிகை, சொசைட்டிச் சீட்டுன்னு பிரிச்சு வெச்சுட்டு, இந்தாங்க உங்களுக்குன்னு ஒரு பத்து ரூபாயை அம்மா நீட்டும். எதுக்கு இவ்வளவுன்னு அஞ்சைத் திருப்பிக் குடுப்பாரு. மாசா மாசம் இதே கூத்துதான். மாசா மாசம் அம்மா பத்துதான் நீட்டும், அவரும் அஞ்சுதான் திருப்புவாரு. பிரிச்ச கவரை எனக்குக் குடுத்துருவாங்க. அதுல மெசின் எண்ணெய் வாசம் அடிக்கும். ராக்கியப்பன், ஸ்பின்னிங்னு டைப் அடிச்சிருக்கும். அவ்வளவு சந்தோசமா நான் எந்தச் சம்பளத்தையும் வாங்குனதில்லை, என்ற சம்பளம் உட்பட.

நாலு பேருதான் பாக்கி. ஒரு அம்மா ஆதார்ல பேரு தப்புன்னு சண்டை போட்டுட்டிருக்குது. நல்லாப் போடட்டும், இன்னும் சித்த நேரம் ஆகட்டும். அந்தப் பொண்ணு வாயைத் திறந்து இவருக்கு விசயம் தெரிஞ்சா என்ன ஆகும்? எனக்கு நல்லாத் தெரியும். மில்லு லாக்கவுட் ஆன வருசம், ஏழு மாசம் சம்பளம் இல்லை. அம்மாளோட அண்ணன், எங்க மாமன், பொள்ளாச்சியில இருந்து ஒரு மூட்டை அரிசியைப் பஸ் மேல ஏத்தி அனுப்பிச்சாரு. அப்பா சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாரு, நானும் கூடவே போனேன், மூட்டையை இறக்கற பையனைப் புடிச்சு, இறக்காதே, இதே பஸ்ஸுல திரும்பப் போகட்டும்னுட்டாரு. கண்டக்டர்கிட்டத் திரும்பற கூலியையும் கையில இருந்து குடுத்தாரு. அன்னைக்கு ராத்திரி ராகிக் களி. அம்மா அழுதுட்டே கிண்டுச்சு. எங்கிருந்தோ வர்ற சோறு தொண்டையில எறங்காது மாராத்தான்னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. அப்பேர்ப்பட்ட மனுசன். எனக்குக் கல்யாணம் ஆன மூணாம் மாசமே எங்க சாதிசனத்துல பண்ற மாதிரி தனிச்சோறு ஆக்கிக்கறோம்னு சொல்லி, சொசைட்டி லோன் போட்டு அவரே கட்டுன வீட்டோட முன்பக்கத்தை எனக்கும் கலாமணிக்கும் விட்டுட்டு, பின்னால இருக்கற ரெண்டு ரூமுக்கு அம்மாளைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. சண்டை கிண்டை ஒண்ணுமில்லை. கலாமணி ஒரு கிண்ணம் குழம்பு கொண்டு போனா வாங்கிக்குவாங்க, மறுநாள் அந்தக் கிண்ணத்துல இங்கிருந்து ஒரு பொரியல் வரும். வெறுங்கிண்ணம் திரும்பினதே இல்லை. என்ற பென்சன் இருக்கற வரைக்கும் என்ற அடுப்பு தனிம்பாரு, சொந்தபந்தம் ஒரம்பரை வந்தா பெருமையா. ரேஷன் அரிசி, ரெண்டாயிரத்து நூத்து நாப்பது, அதுல ரெண்டு கிழடு முப்பது நாளு. எப்படிக் கட்டும்னு எந்தக் கணக்குப்புள்ளைக்கும் புரியாது. மாத்திரை மட்டும் மாசம் நாலாயிரத்து முன்னூறு. அதை எப்படிச் சமாளிச்சேன்? எங்க கம்பெனியில அப்பா அம்மாளுக்கு மாத்திரை இனாம்னு ஒரு போடு போட்டேன். நம்பிட்டாரு. நம்பினதோட விட்டாரா, உங்க யூனியன் நல்ல யூனியனாட்ட இருக்குது, சந்தாவை ஒழுங்காக் கட்டிருன்னு எனக்குப் புத்திமதி வேற. எங்க கம்பெனியில யூனியன்னு வாயில சொன்னாலே சீட்டைக் கிழிச்சுருவாங்க.

ஒரு தடவை மாட்டியிருப்பேன். மே மாசம். அக்கவுண்ட்ஸ் க்ளோசிங் வேலையில தலை சுத்திப் போய் அஞ்சு ஐநூறு ரூபாய் நோட்டை அப்படியே கவர்ல போட்டுட்டேன். ராத்திரி சோத்துல கையை வெச்சிருக்கறேன், பின்பக்கத்துல இருந்து வர்றாரு, கையில கவரு. ஏப்பா, முன்னூத்தி அறுபது எச்சா வந்திருக்குது, பேங்க்காரன் பாவம், கையில இருந்து கட்டோணும், காலையில முதல் வேலையாப் போய்க் குடுத்துட்டு வந்துருன்னாரு. ஏடிஎம்ல அப்படியெல்லாம் எச்சா வராதுங்கப்பா. வந்திருக்குதல்ல? காலையில நான் போறேனான்னு வாசல்லயே நின்னு பாத்தாரு. போனேன். முக்குக் கடையில ஒரு டீயைக் குடிச்சுட்டு, அரை மணி நேரம் பேப்பர் படிச்சுட்டுத் திரும்பி வந்து, குடுத்துட்டேனுங்கன்னேன். என்ன சொன்னாங்கன்னு கேட்டாரு. ரொம்ப தேங்ஸ் சொன்னாங்கன்னேன். அன்னைக்கு முழுக்க அவரு முகத்துல ஒரு தெளிவு இருந்துச்சு பாருங்க, ஊரு சொத்தைக் காப்பாத்திக் குடுத்த மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

ஆனா ஏன் இத்தனை மாசம் இழுத்தேன்? அதைத்தான் சொல்லிக்க முடியலை. பிப்ரவரியில ஒரு தடவை ரேஷன் கார்டுக்குன்னு பொய் சொல்லி வேற மையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், ரேகை விழலை, கண்ணைக் காட்டுனா ரெண்டு கண்ணுலயும் புரை, ஆபரேஷன் முடிச்சுட்டு வாங்கன்னுட்டாங்க. ஜூன்ல ஆபரேஷன் முடிஞ்சுது. ஜூலையில கூட்டிட்டு வந்திருக்கலாம். லீவு இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அரைநாள் லீவும் ஆட்டோ வாடகையும் சேத்தா ஆயிரம் ரூபாய், அதுக்கு இதுவே மேலுன்னு கணக்குப் போட்டேன். அதெல்லாம் சும்மா. நெசத்தைச் சொல்றேன், எனக்கு அது புடிச்சிருந்துச்சு. ஒண்ணாந் தேதி சாயங்காலம் அந்தப் பழுப்புக் கவரை அவரு கையில வெக்கறது, அவரு அதைப் பிரிக்காம அம்மாளுக்குக் குடுக்கறது, அம்மா எண்ணிப் பாத்து அதுல நூறு ரூபாயை அவருக்கு நீட்டறது, எதுக்கு இவ்வளவுன்னு அம்பதை அவரு திருப்பறது. இதை நான் நடத்தறேன்! எங்கப்பனுக்கு நான் சம்பளம் போடறேன்! அவருக்கே தெரியாம. இதுல ஒரு திமிரு இருக்குதல்ல? இருக்குது. ஆனா திமிரு மட்டும் இல்லை. அந்தப் பாயி, அந்த நோட்டு எண்ணற சத்தம், அதெல்லாம் போயிராம இருக்கோணும்னு ஒரு ஆசை. அந்த ஆசைக்கு இந்த முப்பதாந் தேதியோட சீட்டுக் கிழியுது. எனக்கு அம்பத்தி எட்டு. மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்து அனுப்புவாங்க. பென்சன் மூவாயிரத்து எண்ணூறாம். என்ற பொண்ணு கல்யாண லோன் இன்னும் பதினாலு மாசம். ஆஸ்பத்திரிக்கு எடுத்ததுபோக பிஎஃப்ல வர்றதை வெச்சுப் பத்து தடவை கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், பேனாவை மாத்தியும் பாத்தேன், வர்றது அதேதான். கம்பெனி மாத்திரைன்னு இனி சொல்லவும் முடியாது. அவரு பென்சனாவது நெசமா வந்தாகோணும். அதனாலதான் இன்னைக்கு. ரிட்டேர் ஆகறதை அவருகிட்ட இன்னும் சொல்லலை. அவரு நினைப்புல எனக்கு நாப்பது வயசு.

பதினேழு, பதினேழுன்னு கூப்புடறது எங்களைத்தான். ஆதார் சண்டை அம்மா எப்ப எந்திரிச்சுப் போச்சுன்னே தெரியலை. இத்தனை நேரம் உக்காந்து பழங்கதை பேசிட்டிருந்தேன், அந்தப் பொண்ணு காதுல ஒரு வார்த்தை போட்டேனா? மடையன். அப்பாவைப் புடிச்சு உக்கார வெச்சேன். தாத்தா, கையைத் தொடைச்சுட்டு வெரலை வையுங்க. வெச்சாரு. விழலை. அடுத்த வெரலு. அதுவும் விழலை. பத்து வெரலும் ஆச்சு. உங்களுக்கு ரேகையே இல்லீங்க தாத்தா, எங்க போச்சுன்னு அந்தப் பொண்ணு சிரிக்குது. அப்பா நிமிந்து உக்காந்தாரு. முப்பத்தி நாலு வருசம் அறுந்த இழையை முடிபோட்ட கையி அம்மிணி, நூலு அத்தனையும் தேச்சுட்டுப் போயிருச்சு, நீ கட்டியிருக்கற துணியில இருக்குதான்னு பாருன்னாரு. அந்தப் பொண்ணு காதுல இருந்த வயரைக் கழட்டிட்டு அவரைப் பாத்துச்சு. அப்புறம் குரலே மாறிப் போச்சு. தாத்தா, இதுல கண்ணை வெச்சு நேராப் பாருங்க, சிமிட்டாதீங்க, சிமிட்டாதீங்க. விழுந்துருச்சு! எனக்கு உசுரு வந்துச்சு. எந்திரிச்சு அவரு கையைப் புடிச்சேன். போலாமுங்கப்பா. இருங்க சார், பிரிண்ட் வரோணும்னுச்சு. அப்புறம் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, என்னமோ நல்ல சேதி சொல்ற மாதிரி அவ்வளவு பிரியமாச் சொல்லுச்சு. போன வருசம் நீங்க எடுக்கவே இல்லையாட்டத் தெரியுதுங்க தாத்தா, ஜனவரியில இருந்து பென்சனை நிறுத்தி வெச்சிருப்பாங்க. ஆனா நீங்க வெசனப்படாதீங்க, பத்து மாசப் பணமும் ஒட்டுக்கா அரியரா வந்துரும்.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அவரு முன்னால நடந்தாரு. நான் பொறத்தால போனேன். எதுத்தாப்புல மில்லு இருந்த எடத்துல பதினாலு மாடி அப்பார்ட்மெண்டு, பால்கனியில துணி காயுது. நிழல்ல உக்காந்தோம். வரட்டும்னு காத்திருந்தேன். மூட்டையைத் திருப்பி அனுப்பிச்ச அந்தக் குரல் வரட்டும், நடுரோட்டுல நாலு பேரு திரும்பிப் பாக்கற மாதிரி கத்தட்டும், என்னையும் இதே பஸ்ஸுல ஏத்தித் திருப்பி அனுப்பட்டும். பத்து மாசத்துக்கு இருபத்தி ஓராயிரத்து நானூறு, உன்ற காசுன்னாரு. ஆமாங்க. அந்த முன்னூத்தி அறுபதை எங்க கொண்டு போய்க் குடுத்தே? எங்கயும் குடுக்கலீங்க, டீக் குடிச்சேன். மாத்திரையும் அப்படித்தானா? அப்படித்தானுங்கப்பா. யூனியன்? எங்க கம்பெனியில யூனியனே இல்லீங்க. ஓஹோன்னாரு. கோவத்தைக் காணோம். தேடித் தேடிப் பாக்கறேன், அந்த முகத்துல எங்கயுமே இல்லை. நீ எப்போ ரிட்டேருன்னு கேட்டாரு. கேப்பாருன்னு நான் நினைக்கவே இல்லை. இந்த முப்பதாந் தேதிங்க. உனக்கு என்ன வரும்? மூவாயிரத்து எண்ணூறுங்க. ரேகை தேஞ்ச கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

அப்ப ஒண்ணு பண்ணலாம், ஒரே அடுப்பா வெச்சுக்கலாம்னாரு. என்ற ரெண்டாயிரத்து நூத்து நாப்பதையும் கலாமணி கையிலயே குடுத்தர்றேன், ரெண்டு சிலிண்டருக்கு ஒண்ணாப் போகுமல்லன்னாரு. திட்டுங்கப்பா, ஒரு வார்த்தை திட்டுங்கன்னு எனக்குள்ள கத்துது. திட்டலை. பஸ் வர்ற பக்கம் பாத்துட்டே, மெதுவா, கடையில கடன் சொல்லப் போறவன் மாதிரி தயங்கித் தயங்கி, கலாமணி ஒத்துக்குவாளான்னு கேட்டாரு. உங்கம்மாளுக்கு உப்புக் கம்மியாப் போடோணும், அது ஒண்ணுதான், எனக்கு எது போட்டாலும் சரி. அப்பா, அது நீங்க கட்டுன வீடுங்கப்பா, அவளை எதுக்குக் கேக்கோணும்னேன். இல்லப்பா, ஆக்கிப் போடறவ அவதான, நீ கேட்டுட்டுச் சொல்லு, நாங்க வர்றோம்னாரு.